பொட்டாசியத்துக்கு அரை கூட்டிக்கொள்ளவும்

எனக்கு வாய் நீளம். எங்கள் ஆசுபத்திரியில் வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரை யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பெயர் எழுதாத ரத்த டியூப் வந்தால் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மாடியேறிப் போய், அனுப்பினவளை நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்துக் கேட்பேன். தென்காசியில் ஒரு தனியார் ஆசுபத்திரியில் இருபது வருடமாக லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்லாமல் விட்டதே இல்லை என்று எனக்கு ஒரு பெருமை. ஒன்றே ஒன்றை மட்டும் நாலு மாதம் சொல்லாமல் இருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கீழே வெளிநோயாளிகள், மருந்துக்கடை, அதை ஒட்டி என் லேப். மாடியில் வார்டுகள், கோடியில் எட்டுக் கட்டில் போட்ட ஐசியு. ஆசுபத்திரி அவ்வளவுதான். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் பாறையில் வழுக்கி விழுந்தவர், கண்டதைத் தின்று வயிற்றால் போகிறவர், குளித்துவிட்டு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர் என்று எல்லாரையும் எங்களிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள்.

ஐசியுவில் கிடப்பவர்களுக்கு அடிக்கடி பார்க்க வேண்டியது ரத்தத்தில் உள்ள உப்புகளை. சோடியம், பொட்டாசியம். இதில் பொட்டாசியம் ஒரு பொல்லாத சாமான். மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கும்வரை அது இருப்பதே யாருக்கும் தெரியாது. ரொம்பக் கூடினாலும் இதயம் நின்றுபோகும், ரொம்பக் குறைந்தாலும் நின்றுபோகும். என் லேபில் அதைப் பார்க்க, ரத்தம் உறைய வேண்டும், சென்ட்ரிபியூஜில் போட்டுச் சுற்ற வேண்டும், மேலே தெளிந்து நிற்கிற சீரத்தை எடுத்து மெசினில் வைக்க வேண்டும். தலைகீழாக நின்றாலும் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் மேலேயிருந்து மூன்று போன் வந்துவிடும். "ரத்தம் உறையாம நான் என்ன, அதுமேல ஊதிக்கிட்டா இருக்க முடியும்?" என்று நானும் கத்துவேன்.

போன வருடம் ஐசியுவுக்கு ஒரு மெசின் வாங்கினார்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். மணிக்கட்டில் ரத்தம் எடுத்து அப்படியே அதன் வாயில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் சீட்டு வெளியே வரும். உறையவும் வேண்டாம், சுற்றவும் வேண்டாம். பொட்டாசியம், சோடியம், ஹீமோகுளோபின் எல்லாம் அந்த ஒரு சீட்டில் இருக்கும். எனக்குச் சக்களத்தி வந்து இறங்கின மாதிரி இருந்தது. "இனிமே உப்புக்கு உங்க லேபத் தேட வேண்டாம் போலிருக்கே" என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லேபில் ஒரு ஆளைக் குறைக்கலாமா என்று பேச்சு ஓடுவது எனக்கும் தெரியும்.

பெரிய டாக்டர் நிதானமான மனிதர். "ஒரு மாசம் ரெண்டுலயும் பாருங்க. ஒரே நேரத்துல எடுத்த ரத்தம். ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதி வைங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார். நோட்டுப் போடும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் ஐசியு பொறுப்பு சிஸ்டருக்கும்.

அந்த சிஸ்டர் என் சிநேகிதி. ராயகிரிக்காரி. மத்தியானம் இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் டப்பாவைத் திறப்போம். அவள் கொண்டுவரும் புளிக்குழம்புக்கு நானும், நான் கொண்டுவரும் அவியலுக்கு அவளும் அடிமை. குவைத்துக்குப் போக வேண்டும் என்று பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். வேலையில் அவளைப்போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. அவள் இருக்கிற ஐசியுவில் ஒரு பஞ்சு கூட இடம் மாறிக் கிடக்காது.

நோட்டு நிரம்ப நிரம்ப எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. லேபில் நாலேகால் வந்தால் மேலே மூன்றே முக்கால். லேபில் ஐந்து வந்தால் மேலே நாலரை. சொல்லிவைத்த மாதிரி ஒவ்வொரு தடவையும் மேலே உள்ள மெசின் அரை குறைவாகத்தான் காட்டியது. மாதக் கடைசியில் நோட்டை டாக்டர் மேசையில் விரித்து வைத்தேன்.

"உங்க லேப்தான் சரி" என்றார் டாக்டர். "ஆனா அவசரத்துக்கு இந்த மெசின் வேணும். எப்பவும் அரைதானே குறையுது? அரை கூட்டிக்கிட்டாப் போச்சு. உங்க கையெழுத்து நல்லாருக்கும், ஒரு பிளாஸ்திரியில எழுதி மெசின்லயே ஒட்டிருங்க."

வெள்ளைப் பிளாஸ்திரி ஒரு சாண் கிழித்து, மார்க்கர் பேனாவால் எழுதினேன்: பொட்டாசியத்துக்கு அரை கூட்டிக்கொள்ளவும். எழுத்தை வளைத்து வளைத்து, கல்யாணப் பத்திரிகைக்கு எழுதுவதுபோல எழுதினேன். மெசினின் நெற்றியில் அதை ஒட்டினபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் ரத்தம் எடுக்க ஐசியுவுக்குப் போனேன். சிநேகிதி ஒரு தட்டில் வரிசையாகச் சிரிஞ்சுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மூன்று ஷிப்டுக்கும் வேண்டியதைக் காலையிலேயே தயார் செய்து வைத்துவிடுவது அவள் வழக்கம். அந்த மெசினுக்குப் போகிற ரத்தம் உறையக் கூடாது. அதற்காகச் சிரிஞ்சுக்குள் ஹெப்பாரின் என்ற மருந்தை உறிஞ்சி, உள்சுவர் நனைந்ததும் அவ்வளவையும் வெளியே தள்ளிவிட வேண்டும். உள்ளே ஈரம் மட்டும்தான் இருக்க வேண்டும். இவள் அடுக்கி வைத்திருந்த ஒவ்வொரு சிரிஞ்சிலும் அடியில் மருந்து நின்றது. முதல் கோட்டுக்கு மேல், இரண்டாம் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ். எல்லாவற்றிலும் ஒரே அளவு. அவள் கை அவ்வளவு சுத்தம்.

"என்னட்டி, மருந்த உள்ளயே விட்டு வச்சிருக்க?" என்றேன்.

"ஆமா, விடாம? மெசின் வந்த மொத வாரம், நீ நோட்டுப் போட ஆரம்பிக்கதுக்கு முந்தி, உள்ள ரெத்தம் ஒறஞ்சி அடச்சிக்கிட்டு. மதுரையில இருந்துலா ஆளு வந்து சரி பண்ணுனாவ. மேனேஜரு எல்லாரு முன்னாலயும் வச்சி என்னப் பேசுன பேச்சி ஒனக்குத் தெரியாது. அதுலேருந்து கொஞ்சம் விட்டுத்தான் வைக்கேன். இன்னைக்கி வர ஒரு தடவ அடச்சிருக்கா பாரு."

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. பாலில் தண்ணீர் கலந்தால் பாலில் உள்ள எல்லாமே குறையும். கீழே போய் நோட்டையும் சீட்டுகளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். பொட்டாசியம் மட்டுமில்லை, சோடியமும் ஹீமோகுளோபினும் கூட அந்தச் சீட்டுகளில் குறைவாகத்தான் இருந்தன. பொட்டாசியத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் மற்றதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ரத்தம் உறையும்போது கொஞ்சம் பொட்டாசியம் கசியும், அதனால் லேபில் ஒரு மயிரிழை கூடத்தான் வரும், அது நியாயமான வித்தியாசம். ஆனால் அரை என்பது நியாயமே இல்லை. மெசின் மேல் ஒரு குற்றமும் இல்லை. மருந்து கலந்த ரத்தத்தைக் கொடுத்தால் அது மருந்து கலந்த ரத்தத்துக்குத்தான் கணக்குச் சொல்லும்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது வாயைத் திறந்தேன். "ஏட்டி, அந்தச் சிரிஞ்சு சமாச்சாரம் இருக்கே..." என்று ஆரம்பித்தேன்.

"ஆரம்பிச்சிட்டியா? சோறு தின்ன விடமாட்டியே. உன் லேபுக்குள்ள உள்ளவளுவள ஏசுனது காணாதுன்னு என்னயும் ஏச வந்துட்டியாக்கும்" என்று சிரித்தாள். பக்கத்து மேசையில் இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. போ, எக்கேடும் கெட்டுப் போ என்று நினைத்துக்கொண்டு டப்பாவை மூடினேன். ஒரே ஒரு வாக்கியம்தான். சிரிஞ்சைக் காலி பண்ணிவிட்டு எடு என்று. அவள் அதைக் கேட்டிருப்பாள். இரண்டு நாளில் பிளாஸ்திரியைக் கிழித்துப் போட்டிருப்போம்.

கோபம் அன்று சாயங்காலமே தணிந்துவிட்டது. அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. அவள் குவைத்துக்கு அனுபவச் சான்றிதழ் வாங்க நிற்கிற நேரம், இதைச் சொன்னால் மேனேஜர் அவளுக்கு மெமோ கொடுப்பார், அவள் வாழ்க்கையில் மண் விழும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னால் மேனேஜருக்கு எப்படித் தெரியும்? உண்மை என்னவென்றால், அந்த மெசின் தப்பாகக் காட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. டாக்டர் ஒவ்வொரு தடவையும் "லேப் என்ன சொல்லுது?" என்று கேட்பது பிடித்திருந்தது. ஆளைக் குறைக்கிற பேச்சும் நின்றுபோயிருந்தது. அரை கூட்டினால் சரியாகத்தானே வருகிறது, யாருக்கு என்ன நட்டம் என்று விட்டுவிட்டேன்.

நாலு மாதம் ஓடியது. ஐசியுவில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. சீட்டு வந்ததும் உதடு தானாக முணுமுணுக்கும், நாலு, நாலரை. மூணே கால், மூணே முக்கால். சிநேகிதிக்கு விசா வந்தது. ஆனிக் கடைசியில் கேக் வெட்டி, அழுது, போட்டோ எடுத்து, அவளைத் திருவனந்தபுரத்துக்குக் கார் ஏற்றி அனுப்பினோம்.

அவள் இடத்துக்கு வந்தவள் செங்கோட்டைப் பெண். கொல்லத்தில் படித்து அங்கேயே நாலைந்து வருடம் வேலை பார்த்தவள். பேச்சில் பாதி மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். என்னைச் 'சேச்சி' என்பாள். அடக்கமான பிள்ளை.

சிநேகிதி போய் நாலாம் நாள், புது சிஸ்டருக்கு முதல் நாள். காலை பத்து மணி இருக்கும். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. புளியங்குடியிலிருந்து ஒரு வேன் கூட்டம் ஐந்தருவிக்குக் குளிக்க வந்து, ரூம் எடுத்து இரண்டு நாள் தங்கியிருக்கிறது. அதில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை, தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். ரூமில் ப்ரிட்ஜ் இருக்காது, மருந்து கெட்டுப்போகும், இரண்டு நாள்தானே என்று இன்சுலினை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். முந்தின நாளிலிருந்து வாந்தி. பரோட்டா ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். ஐசியுவில் அவளைப் பார்த்தபோது மூச்சு இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தது. நாக்கு காய்ந்து கிடந்தது. தலைமுடியில் அருவித் தண்ணீர் இன்னும் முழுக்கக் காயவில்லை. ஆனால் நினைவு நன்றாக இருந்தது.

புது சிஸ்டர் மணிக்கட்டில் எடுத்தாள், கட்டில் பக்கத்து மெசினுக்கு. நான் முழங்கை மடிப்பில் எடுத்தேன், லேபுக்கு.

"எக்கா, ரெண்டு எடத்துலயா குத்துவிய? ஒண்ணுல பாத்தாக் காணாதா?" என்றாள் அந்தப் பெண்.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கான்னு பாக்கணும்லா, அதுக்குத்தான்" என்றேன்.

புது சிஸ்டர் ரத்தம் எடுப்பதற்கு முன்னால் சிரிஞ்சில் இருந்த மருந்தை ஒரு சொட்டு விடாமல், கழிவுக்கு வைக்கிற கிட்னி தட்டில் பீய்ச்சித் தள்ளினாள். தள்ளிவிட்டு வெளிச்சத்தில் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நல்ல வேலைக்காரி, முறையாகப் படித்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு மேல் என் புத்தி ஓடவில்லை.

சீட்டு வந்தது. பெரிய டாக்டர் கீழே வெளிநோயாளிகளைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்றார். சர்க்கரை மிக அதிகமாகி இப்படி வருகிறவர்களுக்கு இன்சுலின்தான் உயிர். ஆனால் இன்சுலின் போனதும் ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் மளமளவென்று இறங்கும். ஆகவே மூன்றேகாலுக்குக் கீழே இருந்தால் இன்சுலினைத் தொடங்கக் கூடாது, முதலில் பொட்டாசியத்தை ஏற்ற வேண்டும். இது ஐசியுவில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

"பொட்டாசியம் என்னம்மா?"

"மூணு, சார்."

டாக்டர் மெசினைப் பார்த்தார். "அரை கூட்டு. மூன்றரை. சரி, இன்சுலின் ஓடட்டும். லேப் ரிசல்ட் வந்ததும் பொட்டாசியம் எவ்வளவு சேர்க்கிறதுன்னு சொல்றேன்."

"சார், மூணுன்னா..." என்று இழுத்தாள் புது சிஸ்டர்.

"புதுசா வந்திருக்கல்ல. அந்த மெசினுக்கு அரை கூட்டணும்மா. எழுதி ஒட்டியிருக்கு பார்."

அவள் பிளாஸ்திரியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். டாக்டர் என் எழுத்தைக் காட்டிச் சொன்னபோது மனதுக்குள் சின்னதாக ஒரு குளிர்ச்சி. அதோடு ரத்த டியூபை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அந்தக் குளிர்ச்சியை நான் சாகும்வரை மறக்க முடியாது.

லேபில் ரத்தம் உறைந்தது, சுற்றியது. மெசினில் வைத்தேன். மூன்று புள்ளி ஒன்று.

அப்போதாவது போனை எடுத்திருக்க வேண்டும். நான் என் மெசினைச் சந்தேகப்பட்டேன். மேலே மூன்று என்றால் எனக்கு மூன்றரை வர வேண்டுமே, எப்படி மூன்று புள்ளி ஒன்று வரும்? லேப் எப்போதும் அரை கூடத்தானே காட்டும்? பிறருக்காக எழுதி ஒட்டின அந்த அரை என் மண்டைக்குள்ளும் ஒட்டிக்கொண்டிருந்தது. அளவு முன்னமே தெரிந்த கன்ட்ரோல் சாம்பிளை எடுத்து ஓட்டினேன். சரியாக வந்தது. சீரத்தை மறுபடியும் சுற்றி மறுபடியும் வைத்தேன். இருபது நிமிடம் போனது. திரும்பவும் மூன்று புள்ளி ஒன்று.

இந்த ரத்தத்தை எடுத்தது யார்?

அந்தக் கேள்வி வந்த கணமே கிட்னி தட்டில் மருந்து பீய்ச்சியடித்தது கண்ணுக்குள் வந்தது. போன் பண்ணக் கூடத் தோன்றவில்லை. செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ, படியேறி ஓடினேன். "நிறுத்துங்க, இன்சுலின நிறுத்துங்க, மூணுதான், கூட்டாதீங்க" என்று நான் கத்தினது வார்டு முழுக்கக் கேட்டதாகப் பின்னால் சொன்னார்கள்.

இன்சுலின் ஓடத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருந்தது. புது சிஸ்டர் உடனே பம்பை நிறுத்தினாள். மானிட்டரில் துடிப்பு ஏற்கெனவே தாறுமாறாக வரத் தொடங்கியிருந்தது. டாக்டர் ஓடிவந்தார். பொட்டாசியம் ஏற்ற ஆரம்பித்தார்கள். அது சொட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணின் இதயம் நின்றது. நெஞ்சை அழுத்தினார்கள், ஷாக் கொடுத்தார்கள், திரும்பி வந்தது. மறுபடியும் நின்றது. நான் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்காரிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு டாக்டர் கையை எடுத்தார்.

வெளியே அவள் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மகள் அருவியில் நனைத்த உடுப்பு. பையிலிருந்து தண்ணீர் கசிந்து சேலை நனைந்திருந்தது. அவளைத் தாண்டித்தான் நான் படியிறங்க வேண்டியிருந்தது. நான் நிற்கவில்லை.

சாயங்காலம் டாக்டர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிஞ்சில் நின்ற மருந்து, சாப்பாட்டு மேசை, நாலு மாதம், எதையும் விடவில்லை. என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுங்கள் என்றும் சொன்னேன்.

"அரை ஏன் குறையுதுன்னு நான் ஒரு தடவை கூட யார்கிட்டயும் கேட்கல" என்றார். "கூட்டிக்கிட்டாப் போச்சுன்னு சொன்னவன் நான்தான். நீங்க போங்க, நாளைக்கு வேலைக்கு வாங்க."

ஏசுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் ஏசாதது எனக்கு ஆறவில்லை. மறுநாள் மாடிக்குப் போனபோது மெசினில் பிளாஸ்திரி இல்லை. புது சிஸ்டர் உரித்துவிட்டிருந்தாள். அந்தப் பிள்ளை ஒரு வாரம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தான் சொல்ல வந்ததை அழுத்திச் சொல்லாமல் விட்டோமே என்று அவளுக்கு. "நிக்கு அறியாமாயிருந்நு சேச்சி" என்று, எனக்குத் தெரிந்திருந்ததே அக்கா என்று, மலையாளத்திலேயே ஒரு நாள் அழுதாள். உனக்குத் தெரிந்துதான் இருந்தது, நாங்கள்தான் உன்னைச் சொல்லவிடவில்லை என்றேன். இப்போது மருந்து காய்ந்து ஒட்டியிருக்கிற சிரிஞ்சுகளே வாங்குகிறார்கள், கலப்பதற்கு வழியே இல்லை. கட்டில் பக்கத்து மெசினும் என் லேபும் ஒரு மயிரிழைக்குள் ஒத்துப்போகின்றன. இத்தனை நாளும் அப்படித்தான் ஒத்துப்போயிருக்க வேண்டும்.

குவைத்திலிருந்து சிநேகிதி வாரம் ஒரு தடவை வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள். "எப்படிட்டி இருக்க, யாரையும் ஏசாம இருக்கியா" என்று கேட்டு அவளே சிரிப்பாள். அவளிடம் இன்னும் நான் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல், அவள் கடல் தாண்டிப் போனபிறகு சொன்னால், பழியைப் பங்கு போடக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும்.

பதினாறு கழிந்து, இறந்த பெண்ணின் அம்மா வந்தாள். லேப் சன்னலில் தலை தெரிந்தது. நாற்பத்தைந்து வயது இருக்கும். புளியங்குடியில் ஒரு கமிஷன் கடையில் எலுமிச்சங்காய் தரம் பிரிக்கிற வேலை என்று பிறகு சொன்னாள்.

"ஏம்மா, இங்கன ரெத்தம் பாக்கது நீதான?"

"ஆமா."

"எம்பிள்ளைக்கு எடுத்த டெஸ்டு எல்லாம் வேணும். டாக்டரு உன்ட்ட வாங்கிக்கிடச் சொன்னாவ. எதுக்கு இப்படி ஆச்சின்னு கேட்டேன். எங்க ரெண்டு பேரு தப்பும் உண்டும்மா, ஆனா அது எப்படின்னு லேப்ல உள்ள அந்தப் பிள்ளைக்குத்தான் முழுசாத் தெரியும், அதுட்டயே கேளுன்னுட்டாவ."

மனுஷன் நழுவிவிட்டாரே என்று ஒரு கணம் எரிச்சல் வந்தது. உடனே அதுவும் அடங்கிவிட்டது. நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது? உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்து, அச்சடித்த தாளைக் கையில் கொடுத்தேன். அவள் விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டே வந்தாள். எங்கள் தாளில் அளவுக்குக் குறைந்த நம்பர் மட்டும் தடித்த எழுத்தில் விழும்.

"இது மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?"

"அது குறைவா இருக்கும்மா. பொட்டாசியம்."

"கொறஞ்சா ஏத்துததுக்கு மருந்து இல்லயா?"

"இருக்கு."

"இங்கன இருக்கா?"

"இருக்கு."

"பொறவு?"

லேப் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொன்னேன். கட்டில் பக்கத்தில் ஒரு மெசின், கீழே ஒரு மெசின், மேலே உள்ளது அரை குறைத்துக் காட்டியது, குறைத்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும், சொல்லவில்லை, காரணம் போனபிறகும் நாங்கள் அரை கூட்டிக்கொண்டே இருந்தோம். எழுதி ஒட்டினது நான் என்று சொன்னேன். இன்சுலின் தொடங்கச் சொன்னபோது பக்கத்தில்தான் நின்றேன் என்றும் சொன்னேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை. அவள் அழவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க கடையிலயும் இப்படி உண்டு" என்றாள். "மூடைக்கு ரெண்டு கை காய் அழுகல்னு கழிப்பாவ. நல்ல சரக்கு வந்தாலும் கழிப்பாவ. ஏன்னு யாரும் கேக்கது கெடயாது. காயில கழிச்சா காய்தான போவும்."

தாளைத் திருப்பி, எழுத்தில்லாத பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"எத்தன நாளாத் தெரியும் உனக்கு?"

"நாலு மாசமா."

அவள் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். ஏசட்டும், அடிக்கட்டும் என்று நானும் எழுந்து நின்றேன். கதவு வரைக்கும் போனவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்குப் பொம்பளப் பிள்ள இருக்கா?"

"ஒருத்தி இருக்கா. எட்டாப்புப் படிக்கா."

"அவளுக்கு ஏதும் ஒண்ணுன்னா" என்றாள், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல், ஊருக்குப் போகிற பஸ் எது என்று சொல்லுவது போல, "இந்த ஆசுபத்திரிக்குக் கொண்டாந்துராதம்மா."